ரசூல் அண்ணையின்ரை புதுக்காலும் மிதிவெடி எடுத்த வயலும்

பொய்க்கால் செய்யிற தொழிலிலை கால் நல்லா இருந்தால் எங்களை ஒருத்தரும் நினைக்கமாட்டினம். கால் தோலைக் கடிச்சால் மட்டும் பரம்பரையையே இழுத்துத் திட்டுவினம். இதே தொழிலிலை கிடந்து மாயுற உங்களுக்குத் தெரியாததே!

லீவு

ஹம்பேர்க்கிலை ஒரு பட்டறையிலை எனக்கு வேலை. ரெண்டாயிரத்துக்குப் பிறகு, லீவு கிடைச்சால் உதவிக் குழுவோடை வட ஈராக்கிலை குர்திஷ் கிராமங்களுக்குப் பறந்திடுவன். சண்டை ஓய்ஞ்சும் அங்கை வயல் முழுக்க மிதிவெடி. முதல்முறை மாப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு பெட்டி அடுக்கினன். என்ரை மனிசி பாத்துக்கொண்டு நிண்டு சொன்னா: "யாழ்ப்பாணத்திலை மிதிவெடிக்குப் பயந்து ஓடிவந்தவர், இப்ப ரிக்கெற் போட்டு அதைத் தேடிப் போறார்!"

வாசல்

ரசூல் அண்ணை அங்கை ஒரு கிராமத்திலை கமக்காரன். சொந்த வயலிலைதான் கால் போனது. இப்ப வெடி எடுக்கிற குழு அந்த வயலைத் துப்புரவாக்குது. மழைக்கு முந்தி விதைக்காமல் விட்டால் அந்த வருசம் வீட்டிலை கோதுமை இல்லை. அவருக்குக் கால் அவசரம்.

முற்றத்திலை நான் செய்த புதுக்காலோடை ராசா மாதிரி நடந்தார். எனக்குப் புளுகம், சந்தோசம் தாங்கேலாது! வாசலிலை சப்பாத்தைக் கழட்டினார், அப்பிடியே பின்பக்கமாச் சரிஞ்சார். ஓடிப்போய்ப் பிடிச்சன். சப்பாத்தின்ரை குதி உயரத்துக்கு அளவெடுத்த கால், வெறுங்காலிலை எப்பிடி நிக்கும்? வீட்டுக்குள்ளை போட ரப்பர்க் குதி ஒண்டு வெட்டிக் குடுத்தன். அவர் சொன்னதை, எங்களோடை வந்த குர்திஷ் தாதி ஷிரீன் சிரிச்சுச் சிரிச்சு மொழிபெயர்த்தா: "உங்கடை ஊரிலை சப்பாத்தோடையோ வீட்டுக்குள்ளை போவினம்?"

வயல்

ரெண்டு கிழமையாலை வயல் துப்புரவு எண்டு சொல்லிப்போட்டினம். வெடி எடுத்த ஆக்களே குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டிச்சினம். ஊர்ச்சனம் முழுக்க வரம்பிலை நிக்குது, ஒருத்தரும் இறங்கேல்லை. வானம் வேறை கறுத்துக்கொண்டு வருது.

ரசூல் அண்ணை விதைப் பையைத் தோளிலை போட்டார், இறங்கினார். "ஐயோ, நில்லுங்கோ அண்ணை!" எண்டு தமிழிலையே கத்திப்போட்டன். அவர் நிக்கேல்லை. விதை எறிஞ்சு எறிஞ்சு அங்காலைக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். சனம் ஓவெண்டு கத்திக்கொண்டு வயலுக்குள்ளை பாய்ஞ்சுது. நானும் பாய்ஞ்சன், சந்தோசத்திலை அழுதன்! பயமில்லையோ எண்டு அவரிட்டைக் கேக்கச் சொல்லி ஷிரீனுக்குச் சொன்னன். அவர் பொய்க்காலிலை தட்டிச் சொன்னார்: "தம்பி, முன்னுக்கு வைச்சது உன்ரை காலை; என்ரை காலைப் பின்னாலைதான் கொண்டுபோனனான்."

நாங்கள் செய்யிற கால் எங்களைவிடத் துணிஞ்சது. அதுக்குப் பின்னாலை நடுங்கிக்கொண்டு போறதுதான் எங்கடை தொழில்.