அம்மாவுக்கு நூறு ஃபிலிம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் இரண்டு என்று மூன்று ஸ்டூடியோவுக்கு முதலாளி. எவனும் கைதூக்கி விடவில்லை. ஆளைப் பார்த்ததுமே எந்த ஃபிலிம், எந்த டெவலப்பர் என்று சொல்லிவிடுவேன். அந்த அறிவு பன்னிரண்டு வயதிலேயே எனக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அம்மா படுக்கையில் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது, விடாத இருமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, அம்மாவின் தம்பி, கேமராவோடு வீட்டுக்கு வந்தார். திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அம்மாதான் வரச்சொல்லியிருந்தாள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

லீவு நாளெல்லாம் மாமாவின் இருட்டறையில் கிடந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நூறாம் நம்பர் ஃபிலிம் போடாதீங்க மாமா, அது மெதுவாத்தான் வெளிச்சம் வாங்கும். இந்த வெளிச்சத்துல அசையாம உக்காரணும். அம்மா இருமிக்கினே கீது. நானூறு போடுங்க, ஜல்தியா அடிச்சிடலாம்."

"வந்துட்டாரு பெரிய மேஸ்திரி! நானூறுல எடுத்துப் பெருசு பண்ணா, மூஞ்சியில மணலக் கொட்டுன மாதிரி இருக்கும்டா."

"பெருசா பண்ணப் போறீங்களா?"

மாமா லென்ஸைத் துடைத்தார். அம்மாதான் சொன்னாள்: "நூறே போடு தம்பி. நான் அடக்கிக்கினு உக்கார்றேன்."

அடக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஷட்டர் மூடியதும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் அடக்கினாள்.

அன்று மாலை இருட்டறையில் மாமா ஃபிலிம் கழுவும் டெவலப்பர் மருந்தில் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கெட்டியா ஊத்துங்க மாமா. படம் பளிச்சுனு வரும்."

"பளிச்சுனு வந்தா ஒட்டிப்போன கன்னத்துக் குழி கருப்பாத் தெரியும்டா. அது தெரியக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லிக்கீது."

இந்த வயதில் அம்மாவுக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஃபிலிமை வழக்கத்தைவிட அதிக நேரம் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார்.

படத்தில் மணலும் இல்லை, குழியும் இல்லை. அம்மா நன்றாக இருந்தாள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டார்கள். மாட்டாமல் எதற்கு ஒளித்து வைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம். வகுப்பில் பையன்களைக் கூட்டி வைத்து மார்தட்டினேன்.

"எங்க ஊட்டு செவுத்துல எங்கம்மா படத்த மாட்டப் போறாங்க. எம்மாம் பெருசு தெரியுமா! வந்து பாருங்கடா."

வருகிறோம் என்றார்கள். கொஞ்ச நாளில் வந்தார்கள், வரிசையாக, வாத்தியாரோடு. வாத்தியார் கையில் மாலை இருந்தது.