தரையில் வைத்த கத்தி

என்னிடம் பத்துக் கத்திகள் இருக்கின்றன. எல்லாம் பழைய வேட்டைக் கத்திகள். மடக்க முடியாதவை, தோல் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்பவை. நான் வேட்டைக்குப் போனது கிடையாது. ஒரு கொக்கைக்கூடக் கல்லால் அடித்ததில்லை. கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. காலையில் வெள்ளைச் சட்டையோடு போய்ச் சாயங்காலம் கரிச்சட்டையோடு திரும்புகிறவனுக்கு வேட்டைக் கத்தி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் சிரித்து வைப்பதோடு சரி.

பிடித்திருந்தது, சேர்த்தேன். அவ்வளவுதான் காரணம். பழைய இரும்புக் கடைகளில் சில கிடைத்தன. காரைக்காலில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளில் சில. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களின் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து அழகு பார்க்கிற ஆள் நான் இல்லை. எல்லாவற்றையும் புழங்குவேன். மீன் அறுப்பேன், கயிறு வெட்டுவேன், பலாப்பழம் பிளப்பேன்.

ஆனால் இந்த ஊர்க் காற்று உப்புக் காற்று. அந்தக் காலத்து இரும்பு ஒரு வாரம் மறந்தால் சிவந்துவிடும். உறைக்குள் போட்டு வைத்தால் இன்னும் மோசம்; தோல் ஈரத்தைக் குடித்துவிட்டு அப்படியே கத்தியில் விடும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்தையும் பரப்பி, தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஆரம்பத்தில் அது சந்தோஷமாக இருந்தது. இப்போது எட்டாவது கத்தி வரும்போது முதுகு விட்டுப்போகிறது. "அந்த எண்ணெய ஒங்க முட்டிக்குப் போட்டாலாவது புண்ணியம் உண்டு" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர் உண்டு. திருவேட்டக்குடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கொல்லைக் குழாயடியில் நான் கொடுவா மீனை அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த மீனை விட்டுவிட்டு என் கத்தியையே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரும் இதேமாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு தம்பி. அவுங்கப்பா, வெள்ளக்காரன் வீட்ல வேல பாத்தப்ப கெடச்சுதாம்."

கணவர் அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். அடுத்த வாரம் அந்தக் கத்தியைக் கிழிந்த வலைத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் கண்ணில் படுகிறது, மனசு கேட்கவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கை நீட்டினேன். அவர் என் கையில் தராமல் தரையில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கத்தியைக் கைக்குக் கை மாற்ற மாட்டார்கள். சண்டை வரும் என்பார்கள். பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நல்ல கத்தி. ஒன்றரைச் சாண் நீளம், எருமைக்கொம்புப் பிடி, தீட்டித் தீட்டி நடுவில் உள்வாங்கிப்போன வாய். பிடிக்குப் பக்கத்தில் இருந்த முத்திரை பாதி தேய்ந்திருந்தது. என்னிடம் இருந்ததிலேயே மீனுக்கு அதுதான் தோது. ஒரு வருஷம் புழங்கினேன். பிறகு, கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டேன். பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டார். உறையோடு இருந்த தன் கத்தி ஒன்றைக் காட்டினார். கத்திக்குக் கத்தி. கூரியரில் அனுப்பிவிட்டேன். அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் அக்கா கூடை இல்லாமல் வந்தார். வாசல் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எம் மகளுக்கு எட்டாம் மாசம் தம்பி. இது மூணாவது. மொதப் புள்ள வயித்துலயே போச்சு. அடுத்தது பொறந்து ஒம்போது நாள் இருந்துச்சு."

எனக்குத் தெரியாது. நாலு வருஷமாக மீன் வாங்குகிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

"எங்க வீட்ல புள்ள பொறந்தா அந்தக் கத்தியத்தான் தலமாட்டுல வைப்போம். எம் புள்ளைங்க மூணுக்கும் அதான். அது வீட்ட விட்டுப் போனப்பறந்தான் இப்படி ஆவுதுன்னு எம் மக சொல்றா. சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. பிரஷர் ஏறிக்கிட்டே போவுது, இப்படியே இருந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னு டாக்டரம்மா திட்டுறாங்க. அதத் தாங்க."

"நீங்க எனக்குக் குடுத்துட்டீங்களேக்கா" என்றேன்.

"கையில குடுத்தாத்தானே தம்பி குடுத்தது? தரையிலதான வச்சேன். வச்சத எடுக்க வந்துருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்கு ஞாபகப்படுத்துவதுபோல் சொன்னார். சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று பொய் சொன்னேன். அவர் தெரு திரும்பியதும் பெங்களூருக்குப் போன் போட்டேன். பெங்களூர்க்காரர் அதை எப்போதோ வேறொருவருக்கு மாற்றிவிட்டார். அந்த ஆள் வெளிநாட்டுக்குக் குடிபோய்விட்டாராம், நம்பர் இல்லையாம்.

"உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. சொல்லியிருக்கலாம். எட்டு மாதக் கர்ப்பிணியிடம் போய், உன் கத்தி எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது என்று சொல்ல எனக்குத் துப்பில்லை.

என்னிடம் இருந்ததில் அதே நீளத்தில், கொம்புப் பிடி போட்டது ஒன்று இருந்தது. லீவு போட்டு உட்கார்ந்தேன். வாயைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து உள்வாங்க வைத்தேன். பளபளப்பு போகப் புளியைக் கரைத்துப் பூசிக் கறுக்க வைத்தேன். முத்திரையை அரத்தால் பாதி தேய்த்தேன். இரண்டு நாள். என் உத்தியோகத்தில் ஒருநாளும் இவ்வளவு சிரத்தையாக வேலை பார்த்ததில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஒரு திருட்டுக்கு இவ்வளவு உழைக்கிறோமே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

திருவேட்டக்குடிக்குக் கொண்டுபோனேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. நான் கத்தியைத் தரையில் வைத்தேன். அவளால் குனிய முடியவில்லை. அக்காதான் எடுத்து, ஒரு தடவை புரட்டிப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். மகள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ போடுகிறேன் என்றார் அக்கா. வேண்டாம் என்று பைக்கை எடுத்தேன்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் தாண்டியது. முப்பதும் தாண்டியது. அதன் பிறகு ஒரு காலையில் அக்கா கூடையோடு வந்தார். மகளும் பேத்தியும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். கத்தியைக் கொடுத்த நாளிலிருந்து தூக்கமில்லாமல் இருந்த எனக்கு, இனிமேலும் சுமக்கத் தெம்பில்லை.

"அக்கா, அந்தக் கத்தி" என்று ஆரம்பித்தேன்.

அவர் சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும் தம்பி" என்றார். "முப்பது வருஷம் அதுலதான் மீனறுத்தேன். கையில எடுத்தவுடனே தெரிஞ்சு போச்சு."

"அப்பவே ஏங்க்கா சொல்லல?"

"அன்னைக்கு மத்தியானந்தான் அவ வயிறாரச் சாப்ட்டா."

மீனைக் கழுவி என் பாத்திரத்தில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்களோடது எங்க இருக்கு?"

"தெரியலக்கா."

"இனிமே வராதா?"

"வராதுக்கா."

கீழே கிடந்த செதிலை ஒதுக்கித் தள்ளினார். பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.

"எம் மககிட்ட மட்டும் என்னைக்கும் சொல்லிடாதீங்க" என்றார். "அவ இன்னொரு புள்ள பெத்துக்கணும்."