கிணற்றடி வேலியில் செருகிய கண்ணாடி

வினாகிரித் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணாடி துடைக்கும்போதெல்லாம், அந்தப் புளித்த மணத்தோடு எங்கள் கிணற்றடியின் ஈரக் கிடுகு மணமும் எனக்கு வந்துவிடும். பாரிஸில் லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருப் பக்கத்தில் நாலாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டைக் கிழமைக்கு ஒருநாள் துப்பரவு செய்யப் போகிறேன். அவருடைய குளியலறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அகன்ற கோப்பைத் தண்ணீரில் கழுத்தைக் கழுவுகிறாள். எதிரேயுள்ள கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிகிறது. கல்லிலே கீறி, நிறத்துக்கு ஒரு கல்லாக அழுத்தி எடுத்த பழைய படம் என்று மதாம் சொன்னார். அந்த வேலையின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் கீறியவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார் என்பது தெரியும். நானும் அப்படி நின்றவள்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஐயா செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஐயாவின் தமக்கையான மாமி வீட்டில்தான் அம்மாவும் நானும் ஒதுங்கியிருந்தோம். அம்மாவுக்கு வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, அவ்வளவுதான். பெண்கள் குளிப்பதற்குக் கிணற்றடியில் பின்னிய தென்னோலைக் கிடுகால் அடைத்த ஒரு "மறைப்பு" இருந்தது. ஒருநாள் அதன் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். குளித்து முடித்த அம்மா, ஈரத் தலைமயிர் முதுகெல்லாம் ஒட்டியிருக்க, வேலியில் செருகியிருந்த கண்ணாடித் துண்டையும் குங்குமம் மடித்த ஒரு கடதாசிச் "சரை"யையும் எடுத்து, மோதிர விரலால் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. அப்படி ஒரு முகம் அம்மாவிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கோயிலில் திரை விலகும்போது போல உடம்பு புல்லரித்தது. பிறகு சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, கிணத்தை இறைச்சு முடிச்சிட்டியோ?" என்று குசினி அடுப்படியிலிருந்து மாமி கேட்டார். அம்மா ஈரச் சேலையைக் கொடியில் விரித்தார்.

அதன்பிறகு நாள்தோறும் பார்த்தேன். மாமி கண்டால் எங்களை அந்த வீட்டில் வைத்திருக்கமாட்டார் என்பதும் எனக்கு விளங்கியிருந்தது.

அந்த வருஷம் வேலியடைக்கிற ஆட்கள் சொன்ன நாளுக்கு ஒருநாள் முந்தியே வந்துவிட்டார்கள். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். "முதலிலை உந்த மறைப்பை அவிழுங்கோ, உக்கிப்போச்சு" என்று மாமி சொன்னதுதான் தாமதம், கால் கழுவ ஓடுகிறவள்போல உள்ளே ஓடினேன். கண்ணாடியைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டேன். சரை கைக்குள்ளேயே கிழிந்துவிட்டது.

"உதென்னடி கையெல்லாம் சிவப்பு?"

மாமி என் கையைப் பிடித்து விரித்தார். அந்த நேரம் பார்த்து அம்மா கடகப் பெட்டியோடு வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். என் கையைப் பார்த்தார், அவிழ்ந்து கிடந்த கிடுகைப் பார்த்தார்.

"கோயில் குங்குமம், மச்சாள். நான்தான் குடுத்தனான்."

"நல்லாக் குடுத்தாய். குஞ்சுக் கையிலை குடுத்தால் கொட்டாமல் என்ன செய்யும்" என்றுவிட்டு மாமி ஆட்களுக்குத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

புதிதாய் அடைத்த மறைப்பில் ஓட்டை இல்லை. மறுநாள் காலை அம்மா என் கையைப் பிடித்து மறைப்புக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடித் துண்டை நீட்டினேன். ஏசவில்லை. எனக்கு முன்னாலேயே ஒரு புதுச் சரையை அவிழ்த்துப் பொட்டு வைத்து, பார்த்து, துடைத்து, திருநீறு பூசி, என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஏதும் தெரியுதே பிள்ளை?"

மயிரிழையாய் ஒரு சிவப்பு இருந்தது. பெருவிரலை எச்சில் தொட்டுத் துடைத்தேன். "இல்லையம்மா, ஒண்டும் தெரியேல்லை." அன்றிலிருந்து அதுதான் என் காலை வேலை.

அம்மா இப்போது இல்லை. மறைப்பு இருந்த இடத்தில் சீமெந்துச் சுவராம். இங்கே கார் து நோர் ரயில் நிலைய வாசலில் புருஷன் இல்லாத பெண்கள் பெரிய பொட்டோடு போகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் புருஷன் செத்த பிறகு நானும் அப்படித்தான் வைக்கிறேன். போன கிழமை மதாமின் படத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, என் நெற்றிப் பொட்டின் நிழல் படச் சட்டத்தின் கண்ணாடியில் விழுந்து, கழுத்தைக் கழுவுகிறவளின் பாதி முகத்தில் போய் நின்றது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தெரியுதம்மா. வடிவாய்த் தெரியுது.