முதல் போர்டில் ஒரு சிட்டிகை குங்குமம்

ஷிப்டுக்குள் நுழையும் முன் தினமும் ஓர் உலோகத் தகட்டின் மேல் ஏறி நின்று விரலால் பொத்தானை அழுத்துகிறேன். உடம்பில் சேர்கிற மின்சாரம் செருப்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறதா என்று அந்த மிஷின் பார்க்கிறது. பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். சுரண்டையில் இருக்கும் சித்தியிடம் போனில் இதைச் சொன்னபோது, அப்படி என்னட்டி உடம்புல கரண்டு ஓடுது என்று சிரித்தாள். கண்ணுக்கே தெரியாத அந்தத் துளி மின்சாரம் ஒரு கம்ப்யூட்டரையே கெடுத்துவிடும் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். இங்கே தனிச் செருப்பு மாட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். அங்கே இருந்த நாலு கம்ப்யூட்டருக்கும் துணி போர்த்தியிருக்கும். ஆயுத பூஜைக்கு டீச்சர் அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நாங்கள் அவற்றைத் தொட்டதைவிடக் கும்பிட்டதுதான் அதிகம். அந்த நான் இன்று ஒரகடத்தில், லேப்டாப் செய்யும் தொழிற்சாலையில், அதன் வயிற்றுக்குள் இருக்கிற போர்டையே கையில் ஏந்தி நிற்கிறேன். நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

கேன்டீனுக்குப் போகும் வழியில் சுவர் நீளத்துக்குக் கம்ப்யூட்டரின் கதையைப் படங்களாக மாட்டியிருக்கிறார்கள். முதல் படத்தில் ஒரு பெரிய அறை முழுக்க ஒரே கம்ப்யூட்டர், பல்பு போல ஆயிரக்கணக்கான வால்வுகள். பெண்கள் நின்றுகொண்டு வயர்களை மாற்றி மாற்றிச் சொருகுகிறார்கள். வரிசையாக உட்கார்ந்து லேப்டாப் பூட்டுகிற எங்கள் லைனைப் பார்ப்பது போலவே இருக்கும். அப்புறம் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர், பல டிரான்சிஸ்டர்களை ஒன்றாக அடக்கிய சிப், மொத்த மூளையும் விரல்நகத்தளவில் வந்த மைக்ரோபிராசஸர், மேசைக் கம்ப்யூட்டர், லேப்டாப். நடுவில் ஒரு நோட்டுப் பக்கம், அதில் டேப் போட்டு ஒட்டிய அந்துப்பூச்சி. என் பக்கத்து இருக்கை ஸ்டெல்லா, மணிமங்கலத்துக்காரி, அதை முதலில் பார்த்ததும் கேட்டாள்.

“பூச்சிய போயி இவ்ளோ பத்திரமா ஒட்டி வெச்சிகிறாங்களே, இன்னாத்துக்கு?”

மிஷின் நின்றுபோனதாம், திறந்து தேடினால் உள்ளே இந்தப் பூச்சி சிக்கிக் கிடந்ததாம், மறைக்காமல் பதிவேட்டிலேயே ஒட்டி எழுதிவிட்டார்களாம் என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். அவளுக்கு அந்தப் பூச்சி மேல் பாசமே வந்துவிட்டது.

போன மாதம் எங்கள் புது லைனில் முதல் போர்டு வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அது உயிர்பெற்றால் லைன் ஓடும், பயிற்சியில் இருக்கும் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைக்கும். இல்லையென்றால் லைனைத் தள்ளிப்போட்டு எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புது பைக் வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா அனுப்பிய கோயில் குங்குமப் பொட்டலம் என் பையில் இருந்தது. எந்தப் பொடியும் உள்ளே வரக்கூடாது, நெற்றியில்கூட ஸ்டிக்கர் பொட்டுதான் என்பது விதி. தெரிந்தேதான் உள்ளே கொண்டுபோனேன். போர்டின் ஓரத்தில், மெமரி சொருகும் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிட்டிகை வைத்து ஸ்டெல்லாவிடம் நகர்த்தினேன். அவள் மெமரியைச் சொருகி அனுப்பினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. மெமரி தொடர்பு கிடைக்கவில்லை என்று டெஸ்ட் மிஷின் காட்டியது. சொருகியது யார் என்று சூப்பர்வைசர் பிரகாஷ் சார் கேட்டார்.

“நா கரீட்டாதான் சார் சொருகினேன். லாக் வுழுந்த சத்தம்கூட கேட்டுச்சி” என்றாள் ஸ்டெல்லா.

அவள் பெயரை அவர் லைன் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்தப் பூச்சிதான் நினைவுக்கு வந்தது.

“சார், அவ மேல தப்பில்ல. போர்டுல நான்தான் குங்குமம் வச்சேன்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “எவ்ளோ வெச்ச?”

“ஒரு சிட்டிகை சார்.”

பூதக்கண்ணாடி விளக்கின் கீழே மெமரி ஸ்லாட்டுக்குள் சிவப்புத் துகள்கள் பளிச்சென்று தெரிந்தன. அவர் டேப்பில் ஒற்றி எடுத்தார், காற்றடித்தார், ஸ்பிரிட் தொட்ட குச்சியால் துடைத்தார். ஸ்டெல்லா மறுபடி மெமரியைச் சொருகினாள். திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடியபோது பன்னிரண்டு பேரும் கைதட்டினோம். நான் அழுதேன்.

சார் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பிறகு பதிவேட்டை என் முன் தள்ளினார். “நீயே எழுது. எதையும் வுட்டுடாத.” எழுதினேன். குங்குமம் ஒட்டிய டேப்பையும் பக்கத்திலேயே ஒட்டினேன்.

லைன் இப்போது மூன்று ஷிப்டும் ஓடுகிறது. முதல் போர்டு ஓடிய அன்று, சேரப்பணஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பியதும் அம்மா போன் செய்தாள். “ஏட்டி, கோயில் குங்குமம் வச்சியா?”

வச்சேம்மா என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. என் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. எங்கள் ஊர்க் குங்குமம் ஒரகடத்துப் பதிவேட்டில், டேப்புக்கு அடியில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது.