கட்டிலில் இருப்பவரைக் கேளுங்கள்

டொக்டர் திலகவதி காலமான செய்தியை அவருடைய தம்பியார் சைக்கிளில் வந்து எங்கள் மகப்பேற்று வாட்டின் வாசலில் நின்று சொன்னார். நான் அப்போது பிறந்த குழந்தை ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து, துடைத்து, தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தேன். கையிலிருந்த பிள்ளையைப் பாதியில் விட்டிருந்தால் அவரே எழுந்து வந்து ஏசியிருப்பார். அதன் பிறகு நன்றாக அழுதேன்.

அவர் வாட்டின் டொக்டர், நான் சிஸ்டர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இரண்டு பேருக்கும் வாய் நீளம். எங்களுக்குள் சண்டை வராத கிழமை குறைவு. அவரை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல.

எங்கள் வாட்டுக்கு வரும் பெண்ணிடம் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் மாமியார் பதில் சொல்வார். பசிக்கிறதா என்றால் தாயார் சொல்வார். ஒப்பரேசன் என்றால் கணவர் கையெழுத்து வைத்துவிட்டுப் போய் வெளி வாங்கில் உட்கார்ந்திருப்பார். வயிறு மட்டும்தான் அவளுடையது. டொக்டர் திலகவதி எல்லாருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "கட்டிலிலை கிடக்கிறவ சொல்லட்டும்" என்று அவர்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிடுவார். டீசலுக்கே அலையும் ஆஸ்பத்திரியில், இவ்வளவு சனத்துக்குள் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நான் முணுமுணுத்தால், "கேக்கிறதுக்கு டீசல் தேவையில்லை, சிஸ்டர்" என்பார்.

வசந்தி வந்த நாளை எங்களோடு வேலை செய்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்யும் குடும்பம். இரண்டாவது பிள்ளை. முதற்பிள்ளைக்கு வேறோர் இடத்தில் வயிற்றைக் கீறியிருந்தார்கள். வலியில் அந்தத் தழும்பு பிரிந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. யுத்தத்தால் மின்சாரம் நின்றுபோயிருந்த காலம். இருந்த டீசலில் ஜெனரேற்றர் காலையில் மட்டும்தான் ஓடும். ஆகவே அந்த நேரத்துக்குள் ஒப்பரேசனை முடிப்பது நல்லது என்று டொக்டர் சொன்னார். மாமியார் ஓம் என்றார். கணவர் பேனையை எடுத்துவிட்டார். டொக்டர் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு வசந்தியின் பக்கத்தில் போய் இருந்தார்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் வசந்தி. "போன முறை ஒண்டும் சொல்லாமல் மயக்கினவை. முழிச்சுப் பாக்கப் பிள்ளை இல்லை. முகத்தைக்கூட ஒருத்தரும் காட்டேல்லை."

டொக்டர் தழும்பின் ஆபத்தை ஒளிக்காமல் விளங்கப்படுத்தினார். பின்னேரம் டீசல் கிடைக்காமலும் போகலாம் என்பதையும் சொன்னார். "என்ரை எண்ணம் இப்ப செய்யிறதுதான். ஆனா இது உம்மடை உடம்பு. பொறுத்துப் பாப்பம் எண்டால் நான் பக்கத்திலை இருக்கிறன்." வசந்தி பொறுத்துப் பார்ப்போம் என்றாள்.

எனக்கு வந்த கோபம் வாட்டு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்பதற்கு டீசல் வேண்டாம் என்றீர்களே, இப்போது பாருங்கள் என்றேன். அவர் கதிரையை வசந்தியின் கட்டிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டு, டீசல் தேட ஆள் அனுப்பச் சொன்னார். அன்றைக்கு அவர் அந்தக் கதிரையைவிட்டு அதிகம் எழும்பவில்லை.

மத்தியானம் கழிந்து வலி தளர்ந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பும் இறங்கத் தொடங்கியது. டொக்டர் சுற்றி வளைக்காமல் அதை வசந்தியிடமே சொன்னார்.

"இப்ப செய்யுங்கோ" என்றாள் அவள். "முழிச்ச உடனை பிள்ளையைக் காட்டவேணும். எப்பிடி இருந்தாலும் காட்டவேணும்."

டொக்டர் அவளுடைய கையைப் பிடித்து ஓம் என்றார்.

நல்ல காலம், டீசல் வந்திருந்தது. தள்ளுவண்டி வாசலைக் கடக்கும்போது, காலமையே சொன்னனாங்கள் என்று மாமியார் தொடங்கினார். டொக்டர் நின்று திரும்பினார். "காலமை அவ சொன்னதும் அவவின்ரை சொல்லுத்தான் அம்மா, இப்ப சொன்னதும் அவவின்ரை சொல்லுத்தான். அந்தக் கதையை இஞ்சை ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

வசந்திக்கு மயக்கம் தெளியும்வரை குழந்தையோடு நிற்கும் வேலை எனக்கு வந்தது. கை கடுத்தும் வேறொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவள் கண் திறந்ததும் குழந்தையின் முகத்தை அவள் கன்னத்தோடு வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. காது, மூக்கு, விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பெண் குழந்தை, நல்ல சத்தமாக அழுதது. டொக்டர் அப்போதுதான் தேத்தண்ணி கேட்டார்.

இந்த வருடம் அவருக்கே வயிற்றில் கட்டி வந்தது. தரைப்பாதை அடைபட்டிருந்ததால் கிளாலிக் கடலேரியால் படகில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்விக்கவேண்டும் என்று தம்பியார் ஒற்றைக்காலில் நின்றார். எனக்கும் அதே ஆசைதான், அவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கவேண்டும் என்ற ஆசை. நல்லூர் வீட்டில் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் அவரைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம். திடீரென்று எனக்கு உறைத்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்கு என்ன விருப்பம், டொக்டர்?"

அவர் சிரித்தார். "இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை, சிஸ்டர். எனக்கு அந்த ஒப்பரேசன் வேண்டாம். செய்யாட்டி என்ன வரும் எண்டும் எனக்குத் தெரியும். நான் என்ரை அறையிலையே இருக்கப்போறன்."

அவருக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லமுடியாது. கதவைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வாயால் சொன்னவற்றில் அதைப்போல வலித்த சொல் வேறில்லை. தம்பியார் என்னோடு பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

செத்தவீட்டில் யாரோ ஒருவர், அப்போதே கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தால் என்று இழுத்தார். நான் வாய் திறக்க முதல் தம்பியார் முந்திக்கொண்டார். "அக்கா சொன்னதைத்தான் செய்தனாங்கள்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியும், பதில் வரும்வரை இருக்கும் பொறுமையும்தான். பொறுமை எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. நேற்று வேலைக்குத் திரும்பினேன். உடுவிலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தாயார் அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தேன்.

"நீர் சொல்லும், பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு சொன்னாள்.