காதில் வைத்த ஸ்க்ரூடிரைவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி விடியற்காலை. எங்கள் ஊர் நெடுங்காட்டிலிருந்து காரைக்காலில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்பதாம் மாதம். கண் விழித்ததிலிருந்து வயிற்றில் குழந்தையின் அசைவே இல்லை. தண்ணீர் குடித்தும், ஒருக்களித்துப் படுத்தும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். கணவர் ஓட்டினார்.

வெளியே ஒரே பனி. வயல், வாய்க்கால், வானம் எதுவும் தனித்தனியாகத் தெரியவில்லை. மேகத்துக்குள் மிதந்து போவது போலிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கார் குலுங்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் முக்கி முனகி, ஓரமாக நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் இன்ஜின் ஓடும். காலை எடுத்தால் அணைந்துவிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். இந்தப் பனியில் வர நேரமாகும் என்றார்கள்.

பனிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. புடவைமேல் ஸ்வெட்டர், தலையில் கம்பளித் துண்டு, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எதற்காகப் போகிறோம், கார் என்ன செய்கிறது என்று நான் சொன்னதை என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எனக்குக் காது கேக்காதும்மா. பிரான்ஸ்ல கார் பட்டறையில இருந்தேன். மெஷின் சத்தத்துலயே போயிடுச்சு. லீவுக்கு இங்க பக்கத்துல தலத்தெருவுக்கு வந்திருக்கேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தார். தன் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"தம்பி ஆக்ஸிலரேட்டர மிதிச்சிட்டு இருக்கட்டும். நீ எறங்கி வாம்மா. நீதான் கேட்டுச் சொல்லணும்."

"அவ வேணாங்க, உக்காந்திருக்கட்டும்" என்று கணவர் கத்தினார். அது அந்த அம்மா காதில் விழவில்லை. நான் இறங்கினேன்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரிசையாக நான்கு. அந்த அம்மா என் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டு, என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரின் முனையை முதல் இன்ஜெக்டர்மேல் வைத்து, பிடியை என் காதோடு ஒட்டினார்.

"டிக் டிக்னு கேக்குதா?"

கேட்டது. உலோகத்துக்குள் யாரோ நகத்தால் தட்டுவது போல, சீராக. தலையாட்டினேன். இரண்டாவதிலும் அதே சத்தம். மூன்றாவதில் இன்ஜினின் பொது இரைச்சல்தான். அந்தத் தட்டல் இல்லை. கண்ணை மூடி மறுபடி கேட்டேன். பனியும் சாலையும் பயமும் எங்கோ தூரத்தில் போய்விட்டன. காது மட்டும்தான் நான்.

"இதுல இல்லைம்மா" என்று தலையசைத்துச் சொன்னேன்.

நான்காவதையும் கேட்கச் சொன்னார். அது நன்றாக இருந்தது. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவதன் வயர் சொருகியை அசைத்தார். அதன் பிளாஸ்டிக் பூட்டு உடைந்து, ஆடிக்கொண்டிருந்தது. அழுத்திச் சொருகி, தன் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிச் சுற்றினார். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் குலுக்கல் இல்லை. அவர் சொல்லாமலே நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டேன். டிக், டிக், டிக். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. ஏறு, ஏறு. பதமா ஓட்டுங்க தம்பி" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வயிற்றில் இதயத் துடிப்பு கேட்கும் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்தித் தேடினார். பிறகு, குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் அறையை நிறைத்தது. அன்று மாலையே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நலமாகப் பிறந்தாள்.

சில மாதங்கள் கழித்து அந்தக் காரை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக்கிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "காதே வேணாங்க. இன்ஜெக்டர் மேல விரல வெச்சாலே அது அடிக்கிறது தெரியும். பட்டறையில வேலை பாத்தவங்களுக்கு இது தெரியாம இருக்குமா?" என்றார்.

தலத்தெருவில் தேடிப் பார்த்தோம். அந்த அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் என்னை இறக்கினாரா, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் கையில் கொடுக்க என்ன வேலை இருக்கிறது என்றுதான் இப்போதெல்லாம் என் மனம் தேடுகிறது.