எழும்பூரில் இரண்டாவது டிக்கெட்

அக்கா வீட்டுக்காரர் சென்னையில் இறந்துவிட்டார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காவுக்குப் போட்ட பிறகுதான் உடலை எடுப்பார்கள். சேலையோடு காரைக்குடியில் ரயில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக மெட்ரோவுக்குப் போனேன். டிக்கெட் பார்க்கும் தானியங்கிக் கதவு திறக்கவில்லை. காவலாளியிடம் ரயில் டிக்கெட்டை நீட்டினேன்.

“இது இங்க செல்லாது பெரியவரே. வேற எடுக்கணும்.”

“ஒரே வழியாத்தானய்யா வந்தேன்?”

“வழி ஒண்ணுதான். டிக்கெட் ரெண்டு.”

கவுண்டரில் நீள வரிசை. அக்கா மகன் போன் செய்தான்.

“எங்குட்டு இருக்கீக மாமா? மயானத்துல ரெண்டு மணிக்கு நேரம் குடுத்திருக்காக.”

“டிக்கெட்டுக்கு நிக்கிறேன்ப்பா.”

போய்ச் சேர்ந்தபோது எனக்காகத்தான் காத்திருந்தார்கள். அக்கா தோளில் கோடியைப் போட்டேன். உடனே தூக்கிவிட்டார்கள். மச்சான் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.